புதுச்சேரியிலிருந்து கண்டிகோட்டாவுக்கு: இரண்டு பேர், ஒரு கார், ஒரு டென்ட் (முழுமையான வழிகாட்டி)

வறண்ட பூமி, செங்குத்தாக இறங்கும் சிவப்புப் பாறை, கீழே ஆறு, மேலே விளிம்பில் ஒரு டென்ட். இந்தக் காட்சியை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்து ஏங்குகிறவர்கள் நிறைய பேர். நம்ம ஊரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் அன்று வெயில் சாய்வதற்குள் அப்படி ஓர் இடத்தில் போய் நின்றுவிடலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊரிலிருந்து 15 கி.மீ. தள்ளி இருக்கிறது கண்டிகோட்டா. புதுச்சேரியிலிருந்து சுமார் 450 கி.மீ., கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு 25 கி.மீ. கூட.

கடலூர் பக்கம் கடலில் சேரும் தென்பெண்ணையும், கண்டிகோட்டாவில் மலையைப் பிளந்துகொண்டு ஓடும் வடபெண்ணையும் கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. ஒன்று தெற்கே திரும்பி நம் பக்கம் வந்தது, இன்னொன்று வடக்கே போய், எர்ரமலைக் குன்றுகளை அறுத்து, நெல்லூர் தாண்டிக் கடலில் விழுகிறது. மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே பாலத்திலிருந்து நாம் பார்க்கிற அகலமான மணல் ஆற்றின் உடன்பிறப்பு அங்கே சுமார் 300 அடி ஆழத்துக்குப் பாறைக்குள் இறங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். லேபாக்ஷி, யாகந்தி, அகோபிலம், பெலும் குகை எல்லாவற்றையும் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் காருக்குள்ளேயே பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்கு என்பது வெளிச்சம் மாற மாற மாறுகிற இடம். வந்த அன்று சாயங்காலம் ஒரு முறை, மறுநாள் முழுக்க, கிளம்பும் நாள் விடியலில் ஒரு முறை என்று பார்த்தால்தான் அது பிடிபடும்.

எப்போது போகலாம்

ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கண்டிகோட்டா இருக்கிற ராயலசீமா வட்டாரம் ஏன் இவ்வளவு வறட்சி என்றால், தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது, வடகிழக்குப் பருவமழையில் கணிசமான பங்கைக் கிழக்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. பக்கத்து அனந்தபுரம் பகுதியில் வருடத்துக்கு 550 மி.மீ. அளவில்தான் மழை. நமக்கோ 1200 மி.மீ.க்கு மேல். அதனால் மார்ச் பாதியிலிருந்தே அங்கே வெயில் கடுமையாகிவிடும், ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும், பாறை இரவு வரை சூடாகவே இருக்கும், டென்டுக்குள் படுக்கவே முடியாது.

நவம்பர், டிசம்பரில் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிறைந்து அழகாக இருக்கும்தான். ஆனால் நம் கடற்கரையை அடிக்கிற அதே புயல் சின்னம் அந்தப் பக்கமும் போகும். 2021 நவம்பரில் ராஜம்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னமய்யா அணை உடைந்து ஊர்களே மூழ்கின, நாம் போகிற பாதை அந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை என்ன செய்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், பேச்சே வேண்டாம்.

தேதி குறிக்கும்போது வீட்டில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வானம் முழுக்க நட்சத்திரம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நட்சத்திரம் குறையும், ஆனால் நிலா வெளிச்சத்தில் பள்ளத்தாக்கே தெரியும். எனக்கு அமாவாசைதான் பிடிக்கும். பொங்கல் விடுமுறை மட்டும் வேண்டாம், அங்கேயும் சங்கராந்தி, கூட்டம் தாங்காது.

யாரோடு போவது

இரண்டு பேர் என்பது நல்ல எண்ணிக்கை, கடினமான எண்ணிக்கையும் கூட. நாலு பேர் போனால் ஒருவருக்கு மூட் சரியில்லை என்றாலும் மற்ற மூவர் சமாளித்துக்கொள்வார்கள். இரண்டே பேர் என்றால் ஒருவர் முகம் தூக்கினால் பயணமே தூக்கிக்கொள்ளும். அதனால் கிளம்புவதற்கு முன்பே டீக்கடையில் உட்கார்ந்து நேராகப் பேசிவிடுங்கள்.

முதலில் பணம். பெட்ரோல், சுங்கம், சாப்பாடு, டென்ட் இடத்துக்கு வாடகை எல்லாம் ஒரே பொதுப் பணத்திலிருந்து போகட்டும், இருவரும் சமமாகப் போட்டு ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி யாருடையதோ அவருக்குத் தேய்மானம் என்று ஒரு தொகை பேசி வைப்பது நியாயம். நண்பனாச்சே எப்படிக் கேட்பது என்று விடுகிற இடத்தில்தான் பிற்பாடு மனக்கசப்பு வருகிறது. அடுத்தது ஓட்டும் முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, அவர் தூங்கினால் ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். என் நண்பன் கடலூர் முதுநகர்க்காரன், எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. இருவரில் யாராவது ஒருவர் "வேணாம்டா" என்று சொன்னால் அதோடு சரி. ஏன், எதற்கு, பயந்துட்டியா என்று கேட்கக் கூடாது. விளிம்பில் நின்று போட்டோ எடுப்பது, இருட்டில் ஆற்றுக்கு இறங்குவது, இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நண்பன் முன்னால் சளைக்கக் கூடாது என்று நினைக்கிற வயதுக்காரர்கள் இதைக் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள்.

வண்டி, பெட்ரோல், காகிதம்

கோட்டை வாசல் வரைக்கும் தார் ரோடுதான், சின்னக் கார் போதும், ஜீப் தேடி அலைய வேண்டாம். டயரைப் பாருங்கள். நம் ஊரில் உப்புக் காற்றில் நின்றே கிடக்கிற வண்டிகளில் டயர் தேயாமலே வயதாகி, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கும், சூடான சாலையில் நீண்ட தூரம் ஓடும்போது அதுதான் வெடிக்கும். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, பஞ்சர் கிட், கார் பேட்டரியில் ஓடுகிற காற்றடிக்கும் பம்ப் இருக்கட்டும்.

பெட்ரோலை புதுச்சேரியிலேயே முழு டேங்க் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டை விட இங்கே விலை குறைவு, ஆந்திராவிலோ நாட்டிலேயே அதிக விலை விற்கிற மாநிலங்களில் ஒன்று. எல்லை தாண்டுவதற்கு முன் திருத்தணியில் மறுபடி நிரப்பிக்கொண்டால் கடப்பாவில் ஒரு பத்து லிட்டர் போட்டால் போதும், திரும்பி ராணிப்பேட்டை வரை வந்துவிடலாம். போக வர மொத்தம் 950 கி.மீ.யைத் தாண்டும், சின்னக் காருக்கு 60 லிட்டர் என்று கணக்கு வையுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நாலும் கையில் இருக்கட்டும், டிஜிலாக்கரிலும் இருக்கட்டும். இன்னொன்று, புதுச்சேரிக்காரர்களுக்காகவே சொல்கிறேன். "நம்ம ஊருல சீப்பா கிடைக்குதே, ரெண்டு பாட்டில் எடுத்துப்போம் மச்சி" என்று நண்பன் சொல்வான். எடுக்காதீர்கள். இங்கிருந்து வெளியே கொண்டுபோனால் சோதனைச்சாவடியிலேயே மாட்டலாம், போகிற வழியில் இரண்டு மாநிலத்துப் போலீஸ் வேறு. அதை விடப் பெரிய காரணம், நீங்கள் தூங்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத 300 அடி பள்ளம் இருக்கிறது.

என்ன எடுத்துக்கொள்வது

டென்ட் வாங்குவதாக இருந்தால் கம்பிகளிலேயே தானாக நிற்கிற டோம் வகையாகப் பார்த்து வாங்குங்கள். முளை அடித்தால்தான் நிற்கும் என்கிற வகை நம் கடற்கரை மணலுக்கே சரிப்படாது, அங்கே பாறையில் சுத்தமாகச் சரிப்படாது. மூன்று பேர் டென்ட் என்று போட்டிருந்தால் அது இரண்டு பேருக்கும் பைகளுக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கேப்பர் மலைப் பக்கமோ திருவக்கரைப் பக்கமோ இருப்பவர்கள் கெட்டியான செம்மண் தரையில் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. கம்பி ஒன்று குறைகிறதா, ஜிப் மாட்டிக்கொள்கிறதா என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிட வேண்டும்.

ஜனவரி இரவு அங்கே 16, 17 டிகிரி வரை இறங்கும். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் கடலோரத்தில் வளர்ந்த உடம்புக்கு, காற்று அடிக்கிற மேட்டில், பாறை மேல் படுக்கும்போது குளிர் முதுகு வழியாக ஏறும். மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். ஃபோம் பாய், அதன் மேல் ஜமக்காளம், அப்புறம் ஆளுக்கு ஒரு கம்பளி, இது போதும். ஸ்லீப்பிங் பேக் இருந்தால் நல்லது, இல்லையென்று வாங்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 20 லிட்டர் கேன் இரண்டு. குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர், சமையல், முகம் கழுவ, பாத்திரம் கழுவ என்று பார்த்தால் இரண்டு நாளைக்கு இது சரியாக வரும். இங்கே வியர்வை சட்டையை நனைக்கும், நமக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே காற்று வறண்டது, வியர்த்ததே தெரியாமல் காய்ந்துவிடும், சாயங்காலம் தலைவலி வந்த பிறகுதான் உடம்பில் நீர் வற்றியது தெரியும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அஞ்சாறு, எலுமிச்சை, உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், முதலுதவிப் பை, நல்ல பிடிப்புள்ள ஷூ, முப்பது அடி நைலான் கயிறு, நாலு காலி அரிசிச் சாக்கு. சாக்கு எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பெரிய விஷயமாக ஆக்காதீர்கள். முதல் நாள் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே புளிசோறு கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கெடாது, களைத்துப் போய் இறங்கியதும் அடுப்பு பற்றவைக்கும் வேலையும் இல்லை. மறுநாளுக்கு ரவை, வறுத்த சேமியா, வெங்காயம், முட்டை, டீத்தூள், சின்ன கேஸ் ஸ்டவ். அடுப்பைச் சுற்றிக் காற்று மறைக்க ஒரு தகரத் தடுப்பு கட்டாயம், இல்லையென்றால் கேஸ் தீரும், தண்ணீர் கொதிக்காது. விறகு மூட்டித் தீ வளர்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், ஜனவரியில் புல்லெல்லாம் காய்ந்த சருகு, காற்றில் ஒரு பொறி போதும். என் நண்பன் நெத்திலிக் கருவாடு இல்லாமல் எங்கும் கிளம்ப மாட்டான். கருவாடு வறுப்பதென்றால் டென்டிலிருந்து நன்றாகத் தள்ளி வறுங்கள், வாசனை பிடித்து இரவெல்லாம் நாய்கள் டென்டைச் சுற்றும்.

போகும் பாதை

காலை நாலரைக்குக் கிளம்புங்கள். திண்டிவனம், வந்தவாசி, காஞ்சிபுரம் வரை இருட்டு விலகிக்கொண்டே வரும். காஞ்சிபுரத்தில் இட்லி. அங்கிருந்து அரக்கோணம், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா. திருப்பதி ஊருக்குள் நுழைந்துவிடாதீர்கள், ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

ரேணிகுண்டாவுக்குப் பிறகு மாமண்டூர், ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை வரை சேஷாசலம் காட்டை ஒட்டிய சாலை. செம்மரம் வளர்கிற காடு இது. கடத்தல் தடுப்புச் சோதனை இருக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி நம்பர் வண்டியை நிறுத்திப் பார்த்தால் பதற்றப்படாமல் டிக்கியைத் திறந்து காட்டுங்கள், டென்ட், அடுப்பு, எங்கே போகிறோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். காட்டுக்குள் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நடப்பது, அழகாக இருக்கிறதே என்று ஒரு மரத்துண்டைப் பொறுக்கி வண்டியில் போடுவது, இரண்டும் அறவே கூடாது.

ராஜம்பேட்டை தாண்டினால் ஒண்டிமிட்டா. கோதண்டராமர் கோயில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது, அரை மணி நேரம் கால் நீட்டிக்கொள்ள நல்ல இடம், அந்த மண்டபத்துத் தூண்களுக்காகவே இறங்கலாம். அப்புறம் கடப்பா. மதியச் சாப்பாடு இங்கேதான். ராகி சங்கட்டியும் (நம்ம கேழ்வரகுக் களி மாதிரி) நாட்டுக்கோழிக் குழம்பும் கேளுங்கள், காரம் நம் காரத்தை விட ஒரு படி மேலே, தயிர் பக்கத்தில் இருக்கட்டும்.

கடப்பாவிலிருந்து எர்ரகுண்ட்லா, முத்தனூர், ஜம்மலமடுகு. நிலம் இங்கேதான் மாறுகிறது. பச்சை குறைந்து, தட்டுத் தட்டாக அடுக்கிய கல் வயல் வரப்பிலும் வீட்டுச் சுவரிலும் வேலியிலும் தெரிய ஆரம்பிக்கும். நம் சமையலறையில் அலமாரித் தட்டாக இருக்கிற கடப்பா கல் வருவது இந்தப் பகுதியிலிருந்துதான். கல் ஏற்றிய லாரிகளும் சிமென்ட் லாரிகளும் நிறைய. இருட்டிய பிறகு பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் சேரும் என்பதால் இந்தப் பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும், காலையில் சீக்கிரம் கிளம்பச் சொன்னது இதற்காகத்தான்.

ஜம்மலமடுகுதான் கடைசிப் பெரிய ஊர். ஏ.டி.எம்., மருந்து, தண்ணீர், பழம் எல்லாவற்றையும் இங்கே முடித்துவிடுங்கள். மேலே சிக்னல் வந்து வந்து போகும், வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எங்கே தங்குகிறோம், அடுத்து எப்போது பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் நம் ஊர் மாதிரியே 108. அரசு மருத்துவமனை ஜம்மலமடுகில் இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் கடப்பா போக வேண்டும்.

டென்ட் போடுவது

கோட்டைச் சுவருக்குள், கோயிலுக்கும் மசூதிக்கும் பக்கத்தில் டென்ட் போட நினைக்காதீர்கள், அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். வெளியே ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது, அதைச் சுற்றி உள்ளூர்க்காரர்கள் டென்ட் போட இடம் தருகிறார்கள், டென்டையே வாடகைக்கும் தருகிறார்கள். "இக்கட டென்ட் வேஸுகோவச்சா அண்ணா?" என்று தெலுங்கில் கேட்டால் முகம் மலர்ந்து வழிகாட்டுவார்கள். குளியலறை, கழிப்பறை யாருடையது, எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது விளிம்பிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி இருக்க வேண்டும். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிற மனிதனுக்கு எந்தப் பக்கம் பள்ளம் என்று ஞாபகம் இருக்காது. அதோடு, டென்டின் வாசல் பள்ளத்தின் பக்கம் பார்க்காமல் இருக்கட்டும். போட்டோவுக்கு அழகாக இருக்காது, பரவாயில்லை.

இப்போது சாக்கு. தரையில் மண் நாலு விரல் கனம்கூட இருக்காது, முளையை வைத்துக் கல்லால் தட்டினால் டணங்கென்று ஒலி வந்து, முனை மடங்கி, முளை சாய்ந்துவிடும். அடித்து அடித்துப் பார்க்காதீர்கள். அரிசிச் சாக்கில் அங்கே கிடக்கிற உதிரிக் கற்களைப் பாதி வரை நிரப்பி, வாயைக் கட்டி, டென்டின் நாலு மூலைக் கயிற்றையும் நாலு சாக்கிலும் கட்டுங்கள். சாயங்காலம் காற்று இல்லாத மாதிரி இருக்கும். ஏழு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்றில் டென்டின் ஒரு பக்கம் உள்ளே குழிந்து முகத்தைத் தொடும், அப்போது இந்தச் சாக்கின் அருமை தெரியும். கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள். பழைய சுவரிலிருந்து விழுந்த செதுக்கிய கல்லைத் தொடவே தொடாதீர்கள்.

கல்லைப் புரட்டும்போது கையை நேராகக் கீழே விடாமல் முதலில் காலால் நகர்த்துங்கள், தேள் இருக்கும். ஷூவை டென்டுக்குள் வையுங்கள், காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஜிப்பை ஒரு நிமிஷம்கூடத் திறந்து வைக்காதீர்கள். பகலில் குரங்குத் தொல்லை, சாப்பாட்டுப் பையை காரில் பூட்டுங்கள்.

விளிம்பில்

இந்தப் பாறை எப்படி இப்படி நிற்கிறது என்று தெரிந்தால் அதன் மேல் எப்படி நடப்பது என்பதும் தெரியும். இது குவார்ட்சைட். ஒரு காலத்தில் மணலாக இருந்து இறுகிப்போன, 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான பாறை. புவியியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குக்கே கண்டிகோட்டா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ரொம்பக் கெட்டி, மழையில் கரையாது. ஆனால் மேலிருந்து கீழாக நேர்நேராக வெடிப்புகள் ஓடுகின்றன. ஆறு கீழே அறுக்க அறுக்க, அந்த வெடிப்பு வழியாகப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது, அதனால்தான் சுவர் செங்குத்தாக நிற்கிறது. பெட்டிகளை அடுக்கி வைத்தது மாதிரி தெரிகிற ஒவ்வொரு பாறையும் பக்கத்துப் பாறையிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம்.

எனவே, வியூ பாயின்டுக்குப் போகும்போது காலுக்கடியில் பாருங்கள். நீங்கள் நிற்கிற பாளத்துக்கும் பின்னால் இருக்கிற பாறைக்கும் நடுவே வெடிப்பு இருந்தால் ஒரு பாளம் பின்னால் வாருங்கள். பாறையிலிருந்து பாறைக்குத் தாவாதீர்கள், இடைவெளியில் கால் சிக்கினாலே எலும்பு போய்விடும். விளிம்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் உட்கார்ந்து நகருங்கள், நின்றுகொண்டு எட்டிப் பார்க்க வேண்டாம். செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்வது, பனி விழுந்த விடியற்காலையில் செருப்போடு போவது, இருட்டிய பிறகு டார்ச்சை நம்பிப் போவது, இது எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். நண்பனைப் போட்டோ எடுக்கும்போது "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்ற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆற்றுக்கு இறங்க ஆசை வரும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலை வெயிலில், கையில் தண்ணீரோடு போகலாம். தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். மேலே கண்டிகோட்டா நீர்த்தேக்கம், கீழே மைலாவரம் அணை. நீர்மட்டம் அணையைப் பொறுத்து ஏறும் இறங்கும், ஓரத்திலேயே ஆழம், பாறை வழுக்கும். கடலில் நீந்தி வளர்ந்தவன் என்ற தைரியம் இங்கே உதவாது.

நேரம் என்று பார்த்தால், சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் எல்லாம் சாம்பல் நிறம். பிறகு எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு கோடு மாதிரி சிவப்பு விழுந்து, அது அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கும், பாறையின் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். இருவரும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் இதை முழுசாகப் பார்க்கலாம். சாயங்காலம் அதே இடத்துக்கு மறுபடி வாருங்கள். காலையில் நிழலில் இருந்த மடிப்புகள் அப்போதுதான் வெளியே வரும்.

கோட்டைக்குள்

கோட்டைக்கு இரண்டாவது நாள் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒதுக்குங்கள். பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை இது, பிறகு கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சு வணிகர் தவெர்னியே 1652-இல் இங்கே வந்து மீர் ஜும்லாவைச் சந்தித்திருக்கிறார். மாதவராய சுவாமி கோயிலின் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். ரங்கநாதர் கோயிலில் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி உட்கார நிழலான இடம் உண்டு. ஜும்மா மசூதிக்குப் பக்கத்திலேயே பெரிய தானியக் களஞ்சியம், உள்ளே போனால் நடு மத்தியானத்திலும் குளுகுளு என்று இருக்கும். சுவரில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறெரியும், அதைச் செய்கிற யாரையாவது பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள். கோட்டைக்குள் ஓர் ஊர் இருக்கிறது, மக்கள் வாழ்கிறார்கள், வீடுகளை எட்டிப் பார்த்துப் போட்டோ எடுக்காதீர்கள்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெயில். இந்த நேரத்தில் தூங்குங்கள், சமையுங்கள். சும்மா இருக்க முடியாதவர்கள் மட்டும் பெலும் குகைக்குப் போய் வரலாம், சுமார் 60 கி.மீ. 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள், அதில் சுமார் ஒன்றரை கி.மீ. நாம் நடந்து பார்க்கலாம், ஆழமான இடம் 46 மீட்டர், பாதாள கங்கை என்பார்கள். 1884-இல் ஆங்கிலேயப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பற்றி எழுதினார், 1980-களில் ஜெர்மன் குழு ஒன்று விரிவாக அளந்தது. உள்ளே புழுக்கமாக இருக்கும், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். போனால் சாயங்கால வெளிச்சத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

இரவு

சாப்பாட்டை இருட்டுவதற்குள் முடித்துவிட்டு விளக்கையெல்லாம் அணையுங்கள். கண் பழக இருபது நிமிஷம் ஆகும், அதுவரை போனைத் திறக்காதீர்கள். ஜனவரியில் ஒன்பது மணிக்கு உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம், அதை ஒட்டி மஞ்சள் சிவப்பாக ரோகிணி, கிழக்கே கொஞ்சம் தள்ளிச் சிவந்த திருவாதிரை. தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று எரிவது அகத்தியர் நட்சத்திரம். ஜாதகத்தில் மட்டும் கேட்ட பெயர்களை நண்பனுக்கு விரலால் சுட்டிக் காட்ட முடிகிற இரவு அது. நேரமே போவது தெரியாது, ஆனாலும் பதினொன்றுக்குப் படுத்துவிடுங்கள், விடியலைத் தவறவிடக் கூடாது.

திரும்பும் வழி

மூன்றாம் நாள் விடியலைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் டென்டைச் சுருட்டுங்கள். குப்பை ஒன்று விடாமல் பையில் கட்டி காரில் போடுங்கள், மற்றவர் விட்டதிலும் கையில் கொள்கிற அளவு எடுத்துக்கொள்ளுங்கள், ஜம்மலமடுகில் தொட்டி பார்த்துப் போடலாம். திரும்புவதற்கு வேறு பாதை சொல்கிறேன். கடப்பாவிலிருந்து ராயசோட்டி, பீலேறு, சித்தூர், ராணிப்பேட்டை, அப்புறம் ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம். கடப்பா தாண்டியதும் குவ்வலசெருவு மலைப்பாதை, வளைவுகளில் லாரியை முந்தாதீர்கள், விபத்து நடக்கிற இடம். அங்கே பால்கோவா பேர் பெற்றது, வீட்டுக்கு வாங்க வேண்டியது அதுதான்.

வந்து சேர்ந்த மறுநாளே டென்டை மொட்டை மாடியில் விரித்து, தூசி தட்டி, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயவையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும். கம்பிகளை நல்ல தண்ணீரில் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். பொதுப் பணத்தில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். போட்டோக்களை ஆளுக்கு ஒரு பிரதி மாற்றிக்கொண்ட பிறகு போனில் அழியுங்கள்.